காட்சிக்கூடத்தில் நிற்கும் மாணவி

அன்புள்ள ஐயா,

பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு நவீன ஓவியங்களுக்கான ஓர் அரும்பொருளகத்தில் வேலைப் பயிற்சி கிடைத்துள்ளது. கண்காட்சிகளை உருவாக்கும் பிரிவை எதிர்பார்த்தவளை, வருகையாளர்களுடன் உரையாடும் பிரிவில் சேர்த்திருக்கிறார்கள். “வழிகாட்டி நிற்பதற்கா இத்தனை படிப்பு?” என்று உறவினர்கள் கேட்கிறார்கள். அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்?

ஒரு தந்தை, ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

அரும்பொருளகத்தின் மையமான வேலையே உங்கள் மகளுக்குக் கிடைத்திருப்பதாக நான் கருதுகிறேன். வெனிஸ் நகரில் உள்ள பெக்கி குகன்ஹைம் சேகரிப்பு என்னும் நவீனக் கலை அரும்பொருளகத்தில், பல நாடுகளிலிருந்து வரும் பயிற்சி மாணவர்கள்தாம் காட்சி அறைகளைக் காவல் காக்கிறார்கள். அவர்களே வருகையாளர்களுக்கு ஓவியங்களைப் பற்றி உரையும் நிகழ்த்துகிறார்கள். எந்த ஓவியத்தை மக்கள் திரும்பிப் பாராமல் கடக்கிறார்கள், எதன்முன் தயங்கி நிற்கிறார்கள் என்பது, மணிக்கணக்கில் ஓர் அறையில் நின்றவருக்குத் தெரியும் அளவுக்கு அலுவலக மேசையில் இருப்பவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

ஆனால் இந்த வேலை, மனப்பாடம் செய்த குறிப்பை ஒப்பிப்பதாகச் சுருங்கிவிடக் கூடாது. நியூயார்க்கின் நவீனக் கலை அரும்பொருளகத்தில் கல்விப் பிரிவை வழிநடத்திய ஃபிலிப் யெனவைன், உளவியலாளர் அபிகேல் ஹவுசனுடன் இணைந்து உருவாக்கிய முறை மூன்று கேள்விகளால் ஆனது: இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள்? இன்னும் என்ன தெரிகிறது? கேட்பது எளிது; கேட்டபின் பதில் வரும்வரை பேசாமல் இருப்பதுதான் கடினம், அதற்குத்தான் பயிற்சி வேண்டும். தனிமையில் பார்க்க விரும்புபவரை அடையாளம் கண்டு விலகி நிற்பதும் அந்தப் பயிற்சியில் அடங்கும்.

நம் தேசிய கலைக்கூடத்தின் சேகரிப்பில், சுவா மியா டீ 1959இல் வரைந்த ‘தேசிய மொழி வகுப்பு’ என்ற ஓவியம் உள்ளது. வட்ட மேசையைச் சுற்றி மாணவர்கள் அமர்ந்திருக்க, ஆசிரியர் மலாய் கற்பிக்கிறார். பெயர் என்ன, வசிப்பது எங்கே என்னும் இரண்டு கேள்விகள் கரும்பலகையில் இருக்கின்றன. சிங்கப்பூர் தன்னாட்சி பெற்ற ஆண்டு அது. மலாய் பேசிப் பழகிய ஒரு தமிழ்ப் பெரியவர் அதன்முன் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டையும் ஓவியர் பெயரையும் முதலிலேயே அடுக்கினால் அவர் தலையாட்டிவிட்டு நகர்வார். “ஐயா, இங்கே என்ன நடக்கிறது?” என்று தமிழில் கேட்டால், அவர் பலகையைப் படித்துக் காட்டி, அந்தக் காலத்தில் தாம் மலாய் கற்ற விதத்தையே சொல்லக்கூடும், 1959 என்ற தகவல் அதன்பிறகு வந்தால், அவர் சொன்னதோடு சேர்ந்து பொருள் பெறும். அந்த ஓவியத்தைப் பற்றி மாணவி ஆழமாகப் படித்திருந்தால்தான் எந்தத் தகவலை எப்போது தருவது என்பது அவளுக்குப் புலப்படும் என்பதால், உறவினர்கள் கேட்ட அந்தப் படிப்பு இங்கே வீணாவதில்லை.

நம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அங்கே பொது நுழைவு இலவசம். ஆயினும் நவீன ஓவியம் நமக்கானதன்று என்று ஒதுங்கும் தமிழ் முதியவர்கள் பலரை நான் அறிவேன். தமிழில் பேசக்கூடிய ஒரு மாணவி அறையில் இருப்பது அவர்களுக்குப் பெரிய அழைப்பு.

பயிற்சி மாணவர்களிடம் கருத்துப் படிவங்களை மட்டும் கொடுத்து நிறுத்திவிடுவது எனக்கு ஏற்புடையதன்று. ஆகவே, முதல் வாரத்திலேயே பொறுப்பாளரிடம் இரண்டு அனுமதிகளைக் கேட்கச் சொல்லுங்கள். ஏதேனும் ஒரு படைப்பைத் தேர்ந்தெடுத்து அதன் ஆவணங்களைப் படிக்க வேண்டும். அதன்முன் வருகையாளர்கள் எழுப்பும் கேள்விகளைக் குறித்துவைத்து, அவள் சேர விரும்பிய அந்தக் கண்காட்சிப் பிரிவினரிடமே நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.