ஜப்பானிய அனிமே படங்களில் காதலிப்பவர்கள் ஏன் இவ்வளவு தனியாக இருக்கிறார்கள்? வாயைத் திறந்து சொல்லிவிட்டால் என்ன?

'5 சென்டிமீட்டர்ஸ் பெர் செகண்ட்' பார்த்துவிட்டு, கடைசி ரயில்வே கேட் காட்சியில் நாயகன் தகாகிக்காக அவனுடைய சிறுவயதுக் காதலி அகாரி நிற்கவில்லையே என்ற ஆற்றாமையில்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது மகோடோ ஷின்காய் 2007-இல் எடுத்த படம். பனியில் ரயில் தாமதமாவது, கடிதம் காற்றில் பறப்பது என்று எல்லோரும் தகாகி, அகாரி பற்றியே பேசுவார்கள். எனக்கு அது கனாயேவின் படம்.

நடுப்பகுதியில், ராக்கெட் ஏவுதளம் இருக்கிற தனேகாஷிமா தீவில் தகாகியோடு படிக்கிற பெண், கடலில் சர்ஃபிங் பழகுகிறவள். பள்ளி விட்டதும் அவனுக்காகக் காத்திருந்து, தற்செயலாகப் பார்த்த மாதிரி சேர்ந்து வீட்டுக்குப் போவாள். அவனோ யாருக்கும் அனுப்பாத மெசேஜை போனில் அடித்து அடித்து அழிப்பவன். ஒருநாள் அலை மேல் சரியாக ஏறி நின்றுவிடுகிறாள், இன்றைக்குச் சொல்லியே தீருவது என்று முடிவெடுக்கிறாள். அப்புறம் வழியில் ராக்கெட் கிளம்புவதை இருவரும் நின்று பார்க்கும்போது புரிந்துவிடுகிறது, இவன் பார்ப்பது தன்னைத் தாண்டி வெகுதூரத்தில் இருக்கிற எதையோ. சொல்லாமலே விட்டுவிடுகிறாள். அதைக் கோழைத்தனம் என்று எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஏனென்றால் நானும் சொல்லாமல் விட்டவள். முதல் வேலையில் கூட இருந்த ஒருவரோடு தினமும் சாயங்காலம் பஸ் ஸ்டாப் வரை நடப்பேன். நன்றாகப் பழகுவார், அக்கறையாகக் கேட்பார், ஆனால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கனடாவில்தான் போய் முடியும். போயும் விட்டார். எனக்குப் பயமெல்லாம் இல்லை. அவர் மனம் இங்கே இல்லை என்று தெரிந்தது, அவ்வளவுதான். என் பக்கத்தில் அது முழுக் காதல், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். 'கார்ட்டூனை வைத்து வாழ்க்கையை அளக்காதே' என்று கமெண்ட் போட வருபவர்கள் முதலில் அந்த நடுப்பகுதியை மட்டுமாவது பார்த்துவிட்டு வாருங்கள்.

எல்லாப் படமும் இப்படி முடிவதில்லை. அதே ஷின்காயின் 'யுவர் நேம்' (2016) படத்தில் காதலர்கள் இருவரும் கடைசியில் சந்தித்துவிடுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்லியே ஆகவேண்டும். 2023-இல் அவருடைய 'சுசுமே' இங்கே தியேட்டருக்கு வந்தது. கடைசியில் பெயர்கள் ஓடும்போதுதான் கதாநாயகி சுசுமே ஊருக்குத் திரும்பிப் போகிற வழியில் உதவி செய்தவர்களையெல்லாம் மறுபடி பார்ப்பது வரும். நான் போன தியேட்டரில் பெயர் வர ஆரம்பித்ததுமே விளக்கைப் போட்டுப் படத்தை நிறுத்திவிட்டார்கள். கேட்டால், 'படம்தான் முடிஞ்சிடுச்சே மேடம்' என்கிறார்கள். முழு டிக்கெட்டுக்குக் காசு வாங்கினால் முழுப் படத்தையும் ஓட்டுங்கள்.