அமெரிக்காவுக்குக் குடிபெயரும்போது இமிகிரேஷன், கஸ்டம்ஸ் எந்த ஊரில் நடக்கும்?

சென்னையிலிருந்து பிராங்பர்ட், சிகாகோ வழியாக டல்லாஸ் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சிகாகோவிலேயே முடிந்துவிடும். டல்லாஸில் இறங்கி நேரே வெளியே நடக்கலாம்.

இமிகிரேஷன் ஆளைப் பார்ப்பது: பாஸ்போர்ட், விசா, கைரேகை. கஸ்டம்ஸ் நீங்கள் கொண்டுவரும் பொருளைப் பார்ப்பது. சிகாகோ–டல்லாஸ் உள்நாட்டு விமானம்; அது போய் நிற்கும் இடத்தில் சோதிக்க அதிகாரிகள் இருப்பதில்லை. அதனால் முதலில் கால் வைக்கும் ஊரிலேயே எல்லாம். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் வாட்ச்மேன் விசாரித்து உள்ளே விட்டபின், பிளாக்குக்கு பிளாக் யாரும் கேட்பதில்லை அல்லவா, அதேபோலத்தான்.

குடியேற்ற விசாவில் முதன்முறை நுழைபவர்களைப் பெரும்பாலும் தனி அறைக்கு அனுப்புவார்கள். அங்கே காத்திருப்பு நீளும். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் அடுத்த விமானத்துக்கு மூன்று மணி நேரமாவது இடைவெளி வைத்து டிக்கெட் போடுங்கள். உணவுப் பொருள் எதுவானாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பச்சைக் கறிவேப்பிலைக்கு அனுமதி கிடையாது. 10,000 டாலருக்கு மேல் பணம் கொண்டுபோவது குற்றமில்லை, அறிவிக்காமல் விடுவதுதான் குற்றம்.

அபுதாபி வழியாகப் போனால் இந்தச் சோதனைகளை அமெரிக்க அதிகாரிகள் அங்கேயே முடித்துவிடுவார்கள்.

பெட்டியில் டல்லாஸ் என்று டேக் ஒட்டியிருப்பதால் அது தானாகப் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். ஒருசில வழித்தடங்கள் தவிர, சிகாகோவில் பெல்ட்டிலிருந்து நீங்களே எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும்.