சுற்றுச்சூழல் அறிவியல் முதுநிலைப் படிப்பில் ஏன் இத்தனை பாடங்கள் கலந்து வருகின்றன?

காற்று, நீர், மண், உயிரினங்கள் ஆகியவற்றுக்கு இடையே நடப்பதையும், அதில் மனிதர் கைவைத்தால் என்ன ஆகிறது என்பதையும் அளந்து ஆராய்வதுதான் சுற்றுச்சூழல் அறிவியல். முதுநிலையில் வேதியியல், உயிரியல், புள்ளியியல், கொஞ்சம் சட்டம் என்று எல்லாமே வரும். 'எதிலும் ஆழமில்லையே' என்று சிலர் சலித்துக்கொள்வார்கள்.

காரணம் எளிது: மாசு துறை பார்த்துப் பரவுவதில்லை. ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் வெளியே தெரியவந்த நோயை எடுத்துக்கொள்ளுங்கள். ஆலைக் கழிவில் இருந்த மெத்தில் பாதரசம் கடலில் கலந்து, மீன்களின் உடலில் சேர்ந்து, அவற்றைச் சாப்பிட்டவர்களின் நரம்பு மண்டலத்தைத் தாக்கியது. அது பாதரசத்தின் எந்த வடிவம் என்று சொல்ல வேதியியல் வேண்டும். சிறிய உயிரிலிருந்து பெரிய மீனுக்குப் போகப் போக அது ஏன் செறிவாகிறது என்பது உயிரியல். மீன் உணவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவப் புள்ளியியல். கழிவு நின்றதோ 1968-இல்தான். அங்கே சட்டமும் நிர்வாகமும் வந்துவிடுகின்றன.

ஒவ்வொரு நிபுணரின் அறிக்கையையும் சேர்த்துப் படித்து, நோய் எங்கே தொடங்கியது என்று சொல்லும் பொது மருத்துவரைப் போன்ற வேலை இது.

சரி, ஆழம்? அது ஆய்வேட்டில் வருகிறது. நிலத்தடி நீர், காற்றின் தரம் என ஏதாவது ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். என்னைக் கேட்டால், சேரும் முன் பாடப்பட்டியலைவிட, அங்குள்ள பேராசிரியர்கள் எதில் ஆய்வு செய்கிறார்கள் என்று பார்ப்பதே மேல்.

அப்புறம், இயற்கை மீது ஆர்வம் இருந்தால் போதும், கணக்கு வேண்டாம் என்பது தவறான எண்ணம். தரவுகளோடு மல்லுக்கட்டாமல் இந்தப் படிப்பை முடிக்க முடியாது.