டம்பாவுக்கு வரும் தண்டையார்பேட்டைத் தம்பிக்கு

தம்பி,

நேற்று மாலை உன் அம்மா காலடிப்பேட்டையில் என் தாய் வீட்டுக்கு வந்திருந்தார். நான் விடுமுறைக்கு வந்திருப்பது எப்படியோ அவருக்குத் தெரிந்திருக்கிறது. நீ அனுப்பிய செய்தியைக் கைப்பேசியில் படித்துக் காட்டினார்: "அடுத்த மாதம் புளோரிடாவில், டம்பாவில் வேலைக்குச் சேர்கிறேன். வெயிலும் கடலும் நம் ஊர் போலத்தானே இருக்கும்? மாதாமாதம் வாடகை கொடுப்பதைவிடக் கடலோரமாக ஒரு வீடு வாங்கிவிடலாமா? அன்றாட வாழ்க்கை எப்படி, அந்த அக்காவிடம் கேட்டுச் சொல்லுங்கள்." படித்து முடித்ததும் தன் கேள்வியையும் சேர்த்துக்கொண்டார்: "புயல் வந்தால் இவன் எங்கே போவான்?"

19 வருடங்களாக அந்த ஊரில் இருக்கிறேன். அதில் 11 வருடங்களாக வீடு வாங்கித் தருவதும் விற்றுத் தருவதும்தான் என் தொழில். வீடு கைமாறினால்தான் எனக்கு வருமானம். ஆனாலும் சொல்கிறேன், முதல் வருடம் வாங்காதே. ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அங்கே புயல் பருவம். அந்த ஆறு மாதத்தையும் வாடகை வீட்டில் இருந்து பார்த்துவிட்டு முடிவு செய்.

வெயிலைப் பற்றி நீ நினைப்பது சரிதான். வேர்வையும் கொசுவும்கூட நம் ஊர்தான். கோடைக்காலத்தில் பெரும்பாலான பிற்பகல்களில் இடி மின்னலோடு மழை கொட்டும். ஒரு மணி நேரத்தில் நின்று, மறுபடியும் வெயில் அடிக்கும். மின்னலை மட்டும் அலட்சியப்படுத்தாதே. இடிச் சத்தம் கேட்டதும் கடலில் இருப்பவர்கள் கரையேறிவிடுவார்கள், நீயும் ஏறிவிடு. நம் ஊரில் கடலுக்குள்ளிருந்து எழும் சூரியன் அங்கே கடலுக்குள் இறங்கும். வேலை முடிந்து வருகிறவர்கள் அதைப் பார்ப்பதற்காகவே மடக்கு நாற்காலியோடு மணலில் வந்து உட்காருவார்கள். முதல் வருடம் நானும் அடிக்கடி போய் உட்கார்ந்திருக்கிறேன்.

காசிமேட்டு ஏலம் போல ஒன்றை அங்கே தேடாதே. மீன் கிடைக்கும், சங்கராவும் களவாவும் கிடைக்கும், பெரும்பாலும் துண்டு போட்டுத்தான். மடவை மீனைப் புகையில் வாட்டி விற்பார்கள். அது அந்தக் கரையின் பழைய ருசி, வாங்கிச் சாப்பிட்டுப் பார். கார் இல்லாமல் பால் பாக்கெட்கூட வாங்க முடியாது என்பதையும் தெரிந்துகொள். வீட்டு வாசலில் நின்று குரல் கொடுத்தால் நாலு பேர் எட்டிப் பார்க்கும் தெருவில் வளர்ந்த பிள்ளை நீ. அங்கே முதல் சில மாதம் மௌனம் உறுத்தும். அக்கம்பக்கத்தார் நல்லவர்கள்தான், ஆனால் முன்கூட்டிச் சொல்லாமல் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. நான் தினமும் வாசலில் சின்னதாக ஒரு கோலம் போடுவேன். எதிர்வீட்டு மூதாட்டி மூன்று வருடம் கையசைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். அதன் பிறகுதான் ஒருநாள் கிட்டே வந்து, "இந்தப் புள்ளிகளை முதலிலேயே எண்ணிக்கொள்வாயா?" என்று கேட்டார். இப்போது கார்த்திகைக்கு அகல் ஏற்ற அவரும் வருகிறார்.

இனி வீடு.

நீயும் நானும் கடல் நிலத்தைத் தின்பதைப் பார்த்தவர்கள். துறைமுகம் வந்த பிறகு அதற்குத் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை கரைந்தது. இன்று நம் பக்கம் பாறை கொட்டியிருக்கும் இடத்தில் தங்கள் தெரு இருந்ததாகச் சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்படிப்பட்ட கரையில் பிறந்த நாம், வேறு நாட்டில் நீலத் தண்ணீரையும் தென்னையையும் கண்டவுடன் அதையெல்லாம் மறந்துவிடுகிறோம். என்னிடம் வரும் நம்மவர்கள் பலரும் முதலில் கேட்பது, "ஜன்னலில் கடல் தெரியுமா?" என்பதுதான்.

2024 செப்டம்பர் 26 இரவு ஹெலீன் புயல் கரை கடந்தது டம்பாவுக்கு வடக்கே வெகு தொலைவில். எங்கள் பக்கம் அது கடலோடு விலகிப் போன புயல். அப்படியிருந்தும் அது தள்ளிய கடல்நீர் டம்பா விரிகுடாவுக்குள் ஏறி, பக்கத்து ஊரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஷோர் ஏக்கர்ஸ் பகுதியில் வீடு வீடாகப் புகுந்தது. அங்கே நான் வாங்கித் தந்த வீடு ஒன்று இருக்கிறது. ஓய்வுபெற்ற தம்பதி, என் மேல் பிரியமானவர்கள். இரண்டு நாள் கழித்துப் போனேன். தெரு நெடுக ஒவ்வொரு வாசலிலும் மெத்தை, சோபா, குளிர்சாதனப் பெட்டி குவிந்து கிடந்தன. அந்த அம்மா திருமண ஆல்பத்தின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து காரின் மேல் காயவைத்துக்கொண்டிருந்தார். உள்ளே சுவரில் என் முழங்காலுக்குச் சற்று மேலே, ஸ்கேல் வைத்து இழுத்தது போல ஒரு பழுப்புக் கோடு.

அந்தக் கோட்டை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளம் எண்ணெயோடு கலந்து வந்தபோது எர்ணாவூரில் என் பெரியம்மா வீட்டுச் சுவரில் அது கறுப்பாக இருந்தது. பெரியம்மா வாரக்கணக்கில் தேய்த்தார், சுண்ணாம்பு அடித்தார். கறை முழுதாகப் போகவில்லை, ஆனால் சுவர் நின்றது. புளோரிடாவில் பெரும்பாலான வீடுகளில் உள்சுவர் ஜிப்சம் பலகை. தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், சில நாளில் பூஞ்சணம் பிடிக்கும். கோட்டுக்கு மேலேயும் சேர்த்து அறுத்து எடுத்தால்தான் தப்பும். அந்தத் தம்பதி வீட்டில் அறைக்கு அறை சுவரின் கீழ்ப்பாதியை அறுத்தார்கள். எடுத்த குப்பை வாசலில் கிடக்கும்போதே, 13 நாள் இடைவெளியில், அக்டோபர் 9 அன்று மில்டன் புயல் வந்தது. அந்த வீட்டை வாங்கும்போது "இங்கே தண்ணீர் வந்ததே இல்லை" என்று விற்றவர் சொன்ன வார்த்தையை நான் துருவிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அது இன்றும் என்னை அறுக்கிறது.

அதனால் கேட்க வேண்டியதை உனக்குச் சொல்கிறேன். நம் ஊரில் தாய்ப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் பார்க்காமல் முன்பணம் கொடுப்போமா? அங்கே பத்திரத்தின் வரலாற்றை அதற்கென்று உள்ள நிறுவனம் தேடி, காப்பீடும் தந்துவிடும். தண்ணீரின் வரலாற்றைத்தான் நீ தேட வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல், விற்பவர் வெள்ளத்துக்காக இழப்பீடு கோரியிருந்தால் அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று புளோரிடாவில் சட்டம் இருக்கிறது. அந்தத் தாளைக் கையில் வாங்காமல் கையெழுத்துப் போடாதே. சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குப் பணம் தராது. தனியாக எடுக்க வேண்டும். அரசின் வெள்ளக் காப்பீட்டில் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர்தான், எடுத்தபின் பொதுவாக 30 நாள் காத்திருக்க வேண்டும். புயல் கிளம்பிய செய்தியைப் பார்த்துவிட்டு எடுத்தால் பயன்படாது.

இன்னொன்று. வெள்ள அபாய மண்டலம் வேறு, வெளியேற்ற மண்டலம் வேறு. முதலாவது காப்பீட்டுக்கும் கடனுக்கும். இரண்டாவதுதான் எப்போது வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்பதைச் சொல்வது. அதற்கு ஏ முதல் இ வரை எழுத்துகள் உண்டு. ஏ என்றால் முதலில் கிளம்ப வேண்டியவர்கள். வாடகை வீடு பார்க்கும்போதே முகவரியைக் கொடுத்து இரண்டையும் பார்த்துக்கொள்.

வரியிலும் பலர் ஏமாறுகிறார்கள். சொந்தமாகக் குடியிருப்பவரின் வீட்டுக்கு வரி மதிப்பு வருடத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் ஏறாது. 20 வருடம் குடியிருந்தவர் கட்டும் சொற்ப வரியைக் காட்டித்தான் வீட்டை விற்பார்கள். கைமாறியதும் மதிப்பு இன்றைய விலைக்கு மாறும். அவர் ரசீதை வைத்து உன் மாதச் செலவைக் கணக்குப் போடாதே.

உன் அம்மா கேட்டதற்கு நேற்றே பதில் சொல்லிவிட்டேன். என் வீடு கடலை விட்டு உள்ளே தள்ளி, அந்த ஐந்து எழுத்தில் எதிலும் சேராத மேட்டில் இருக்கிறது. புயல் எச்சரிக்கை வந்ததும் நீ அங்கே வந்துவிடு; அறை இருக்கிறது, அரிசி இருக்கிறது. அவர் என் முகவரியை ஒரு தாளில் எழுதி வாங்கி, ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்துக்கொண்டு போனார்.