கச்சானுக்கும் வாடைக்கும் ஒரே ஃபில்டரா?

கேள்வி: பாலையூற்றில், கண்டி வீதியிலிருந்து உள்ளே இரண்டாவது வீடு எங்களுடையது. ஏழு வயது மகனுக்குத் தொய்வு (ஆஸ்துமா). இரவில் இருமி எழும்புகிறான். காற்றைச் சுத்தம் செய்யும் மெஷின் ஒன்று வாங்கலாம் என்று கடைக்குப் போனால் அயன், யூவி, ஐந்து அடுக்கு என்று என்னவெல்லாமோ சொல்கிறார்கள். போனில் பார்த்தால் திருகோணமலைக் காற்று 'நல்லது' என்று பச்சையில் காட்டுகிறது. எந்த ஃபில்டர் வாங்குவது? வாங்கத்தான் வேண்டுமா? வாங்கினால் இன்ஹேலரை நிறுத்தலாமா?

பதில்: அந்தப் பச்சையிலிருந்தே தொடங்குவோம். போனில் வரும் எண் பெரும்பாலும் செய்மதித் தரவையும் கணினிக் கணிப்பையும் வைத்துப் போட்ட மதிப்பீடுதான். பல கிலோமீற்றர் பரப்புக்கு ஒரே எண். கடலும் காடும் சேர்ந்த அந்தப் பரப்புக்குள், உங்கள் வாசலில் கியர் மாற்றும் லொறியோ பக்கத்து வளவில் எரியும் குப்பையோ தெரியாது. இன்னொன்று: 2.5 மைக்ரோமீற்றருக்கும் சிறிய துகள்களைத்தான் பிஎம் 2.5 என்கிறோம். நுரையீரலின் அடி வரை போகக்கூடியவை இவை. 24 மணி நேரச் சராசரியாக ஒரு கனமீற்றருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டல். இலங்கையின் சட்ட எல்லை 50. இந்த இரண்டுக்கும் நடுவில் தொய்வுள்ள பிள்ளைக்குத் தாராளமாக இருமல் வரும்.

நம்முடைய ஊரில் காற்று வருடம் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. மே முதல் செப்டெம்பர் வரை கச்சான். மலைநாட்டைத் தாண்டி, ஈரத்தைத் தொலைத்து, சுட்டுக்கொண்டு வரும் காற்று. அது கிளப்புவது பெரும்பாலும் வீதிப் புழுதி, அதாவது பெரிய துகள். மூக்கை அரிக்கும், தளபாடத்தில் படியும், ஆனால் பிடிப்பது சுலபம். வடகீழிலிருந்து காற்று வீசும் வாடைக்காலத்தில் மழை காற்றைக் கழுவிவிடும் என்று நினைப்போம். மழை பெய்யும் நாட்களில் அது சரிதான். மழை விட்ட நாட்களில் அதே வடகீழ்க் காற்று வங்கக்கடலைத் தாண்டி இந்தியப் பக்கத்துப் புகையையும் கொண்டுவரும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் நேரத்தில் நாடு முழுக்க மூட்டமாகி, 9ஆம் திகதி பாடசாலைகளுக்கு விடுமுறை விட்டது நினைவிருக்கும். அது புழுதி அல்ல, நுண்துகள். அப்புறம் தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் வயல் அறுத்து முடிந்து வைக்கோல் எரிக்கும் நாட்கள். அதுவும் நுண்துகள்தான், மணமும் சேர்ந்தது.

ஆனால் உங்கள் மகன் இருமுவது இரவில். அப்படியென்றால் வீதியை விட்டுவிட்டு முதலில் அறைக்குள் பாருங்கள். நுளம்புச் சுருள் கொளுத்துகிறீர்களா? ஒரு சுருள் எரிந்து முடியும்போது விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் விடும் அளவுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஆய்வொன்று அளந்து சொன்னது. கட்டிலுக்கு அடியில் சுருளை வைத்துவிட்டு மேசையில் இரண்டு லட்ச ரூபாய் மெஷினை ஓடவிடுவதில் என்ன பயன்? நுளம்பு வலைக்கு மாறுங்கள். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை முன் விறாந்தையோடு நிறுத்துங்கள். அம்மா கோபித்தால் டொக்டர் சொன்னார் என்று சொல்லிவிடலாம். விறகடுப்பு இருந்தால் சமைக்கும் நேரம் அறைக் கதவைச் சாத்துங்கள். தலையணை உறை, போர்வையை வாரத்துக்கு ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள். தொய்வைக் கிளப்பும் தூசிப்பூச்சி காற்றில் மிதப்பதைவிட மெத்தையில் கிடப்பதே அதிகம். எந்த ஃபில்டரும் அதை மெத்தையிலிருந்து இழுக்காது.

இதையெல்லாம் செய்து இரண்டு மூன்று வாரம் பாருங்கள். இருமல் குறையாவிட்டால் மெஷின் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. அதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு. நம்முடைய வீடுகளில் யன்னலுக்கு மேலே சீமெந்தில் பூ வைத்த காற்றுத் துளைகள் இருக்கும். அவை திறந்திருக்கும் அறையில் மெஷின் வேலை செய்வது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் அள்ளுவது போலத்தான். ஒரு ஊதுபத்தியை அந்தத் துளைக்கும் கதவின் அடி இடைவெளிக்கும் அருகே பிடித்துப் பாருங்கள். புகை உள்ளே சாய்ந்தால் அதுதான் காற்று வரும் வழி. துளைகளைத் தடித்த பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள், கதவின் அடியில் பழைய சாரத்தைச் சுருட்டி வையுங்கள். மெஷின் ஓடும் இரவில் மட்டும். மூடிய அறையில் நாம் விடும் மூச்சும் ஈரமும் சேரும் என்பதால் காலையில் எல்லாவற்றையும் திறந்து கடற்காற்றை உள்ளே விடுங்கள். வைக்கோல் புகை இல்லாத காலைக் காற்றைவிட நல்ல ஃபில்டர் எந்தக் கடையிலும் இல்லை.

இனி மெஷின். கடைக்காரரிடம் அடுக்கு எத்தனை என்று கேட்காதீர்கள், சி.ஏ.டி.ஆர். எவ்வளவு என்று கேளுங்கள். மணிக்கு எத்தனை கனமீற்றர் சுத்தமான காற்று தருகிறது என்பதே அது. உங்கள் அறை 10 அடிக்கு 12 அடி, உயரம் 10 அடி என்று வைத்துக்கொள்வோம். 1,200 கனஅடி, ஏறக்குறைய 34 கனமீற்றர். மணிக்கு ஐந்து தடவை அந்தக் காற்று ஃபில்டர் வழியே போய்வர வேண்டுமென்றால் 170 தேவை. பெட்டியில் போட்டிருக்கும் எண்ணோ உச்ச வேகத்துக்கு உரியது. அந்தச் சத்தத்தில் பிள்ளை தூங்க மாட்டான், நீங்களும் வேகத்தைக் குறைத்துவிடுவீர்கள். ஆகவே 250க்குக் கிட்ட உள்ளதாக வாங்கி நடு வேகத்தில் ஓடவிடுங்கள். 40 வோட் மெஷின் இரவுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் மாதம் 12 யூனிட் கூடும்.

ஃபில்டர் 'எச்13 ஹெப்பா' (HEPA, நுண்துகளைப் பிடிக்கும் தாள் ஃபில்டர்) என்று இருக்கட்டும். மிகப் பிடிக்கக் கடினமான அளவுத் துகளிலும் 99.95 சதவீதத்தை அது நிறுத்தும். 'ஹெப்பா டைப்', 'ஹெப்பா போன்றது' என்றால் அது வேறு சரக்கு. அயன் (மின்னேற்றம் பெற்ற துகள்), ஓசோன் விடும் எதுவும் வேண்டாம். ஓசோன் தொய்வுக்காரரின் மூச்சுக்குழாயை உறுத்தும். அயன் பொத்தான் கூடவே வந்தால் அணைத்தே வையுங்கள். யூவி (புற ஊதா) விளக்குக்குக் காசு கொடுக்காதீர்கள், காற்று அதைக் கடக்கும் நொடியில் பெரிதாக எதுவும் நடக்காது. கார்பன் ஃபில்டர் மணத்துக்குத்தான். துணி போன்ற மெல்லிய கறுப்புத் தாள் சீக்கிரமே நிறைந்துவிடும்.

ஏ.சி.யில் இருக்கும் வலை போதாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். அது ஏ.சி.யைப் பாதுகாக்கிறது, உங்களை அல்ல. தலைமுடியையும் பஞ்சையும் பிடிக்கும், புகை நேரே தாண்டிப்போகும். கழுவி வையுங்கள், அவ்வளவுதான்.

நம்முடைய ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு: உப்பும் ஈரமும். ஃபில்டர் தாள் ஈரமானால் பூஞ்சணம் பிடிக்கும். யன்னலை ஒட்டி வைக்காதீர்கள், வாடைக்காலத்தில் பல நாள் ஓடாமல் விடாதீர்கள். முன் வலையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தூசி தட்டுங்கள். ஹெப்பாவைக் கழுவவே கூடாது. மாற்றிய திகதியைப் பேனையால் அதன் ஓரத்தில் எழுதுங்கள். மெஷினின் சென்சர் மழைக்கால விடியற்காலையில் சிவப்புக் காட்டினால் பயப்பட வேண்டாம். ஈரத்தில் துகள் ஊதும், மலிவான சென்சர் அதை அழுக்காக எண்ணிவிடும். வாங்குவதற்கு முன், மாற்று ஃபில்டர் இங்கே டவுனில் கிடைக்குமா, என்ன விலை என்று கேளுங்கள். கிடைக்காது என்றால் அந்த மெஷினை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் விடுங்கள்.

இன்ஹேலரை நிறுத்தக் கூடாது. மெஷின் வந்த பிறகு இரவு இருமல் எத்தனை நாள் வந்தது என்று கலண்டரில் குறித்துக்கொண்டு அடுத்த கிளினிக்குக்கு எடுத்துப் போங்கள். மருந்தைக் குறைப்பதா இல்லையா என்பதை டொக்டர் அதைப் பார்த்துச் சொல்வார்.