‘மனூவர்’ (manoeuvre) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள்? தமிழில் எப்படிச் சொல்வது?

ஒரே தமிழ்ச் சொல்லில் அடக்க முடியாது. ‘கவனமும் திறமையும் தேவைப்படும் ஓர் அசைவு’ என்பது அடிப்படைப் பொருள்.

நெருக்கடியான சந்தில் காரை முன்னும் பின்னும் நகர்த்தி, யார் மேலும் உரசாமல் திருப்புகிறீர்களே, அது மனூவர். வெறுமனே நேர்ச் சாலையில் ஓட்டிப்போவதை யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 2023 ஜூலையில் சந்திரயான்-3இன் சுற்றுப்பாதையை இஸ்ரோ ஐந்து முறை உயர்த்தியதும் மனூவர்தான்.

அரசியல் செய்தியில் வந்தால் பொருள் வேறு. அங்கே ‘காய் நகர்த்துவது’ என்பதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தெரிந்து இல்லை. கொஞ்சம் தந்திர வாடையும் அதில் அப்படியே வந்துவிடுகிறது.

ராணுவத்தோடு சேர்ந்து பன்மையில் வந்தால் பெரும்பாலும் போர்ப் பயிற்சி. மருத்துவத்தில், தொண்டையில் உணவு அடைத்தவரின் மேல்வயிற்றை அழுத்தி வெளியேற்றும் ‘ஹைம்லிக் மனூவர்’ உண்டு. ஹென்றி ஹைம்லிக் என்ற அமெரிக்க மருத்துவர் 1974இல் விவரித்த முறை.

சரி, எங்கிருந்து வந்தது? ‘கையால் வேலை செய்தல்’ என்ற லத்தீன் தொடரிலிருந்து, பிரெஞ்சு வழியாக. வேடிக்கை என்னவென்றால், எருவைக் குறிக்கும் ‘மெனூர்’ (manure) என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் அதே வேர்தான். நிலத்தைக் கையால் பண்படுத்துவது அப்புறம் எருவாகிவிட்டது!

எழுதும்போது கவனம்: பிரிட்டிஷ் எழுத்துமுறையில் நடுவே மூன்று உயிரெழுத்துகள் வரிசையாக வரும் (manoeuvre), அமெரிக்க முறையில் இரண்டுதான் (maneuver).