தடுமாறாமல் வாசிக்கிறாள், கதைதான் புரியவில்லை: கேள்வி பதில்

கேள்வி: மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் பிழையின்றி வாசிக்கிறாள். ஆனால் அத்தியாயம் முடிந்ததும் என்ன நடந்தது என்று கேட்டால் விழிக்கிறாள். ஏன்?

பதில்: வாசித்துப் புரிந்துகொள்வது என்பது எழுத்தைப் படிக்கும் திறனையும் மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவது என்று கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் விளக்கினார்கள். பெருக்கல் என்பதால், ஒன்று மிகக் குறைந்தால் மற்றொன்று எவ்வளவு உயர்ந்தும் பயனில்லை. மகள் இன்னும் வாசிக்காத ஒரு பக்கத்தை நீங்களே வாசித்துக் காட்டி, கதையைச் சொல்லச் சொல்லுங்கள். கேட்கும்போது புரிகிறது என்றால், அவள் கவனம் முழுவதும் எழுத்திலேயே செலவாகிறது. இன்னும் எளிய நூலைக் கொடுங்கள். கேட்டும் புரியவில்லை என்றால் எழுத்து நடையே அவளுக்குப் புதிது. தினமும் வாசித்துக் காட்டுங்கள்.

கேள்வி: தமிழ்க் கதைகளில் குழந்தைகள் குறிப்பாக எங்கே சறுக்குகிறார்கள்?

பதில்: ‘போயிட்டான்’ என்று பேசும் குழந்தைக்குப் புத்தகத்தின் ‘போய்விட்டான்’ விரைவில் பழகிவிடும். நான் அஞ்சுவது சின்னஞ்சிறு ஒட்டுகளுக்குத்தான். என் வகுப்பில் ஒரு சிறுவன் ‘குளத்துக்கு முதலை வந்துவிட்டதாம்’ என்ற வரியைக் கணீரென்று வாசித்தான். இரண்டு அத்தியாயம் கழித்து, குளத்தில் முதலையே இல்லை என்று வந்ததும், புத்தகத்தில் தப்பு இருக்கிறது என்று எழுந்து நின்றான். யாரும் கண்ணால் பார்க்கவில்லை, ஊர்தான் பேசிக்கொள்கிறது என்பதை அந்த ‘ஆம்’ சொல்லியிருந்தது. அவன் அதைத் தாண்டிப் போயிருந்தான். ‘வந்துவிட்டது’, ‘வந்துவிட்டதாம்’ இரண்டையும் கரும்பலகையில் எழுதி, இதில் முதலையைப் பார்த்தவர் யார் என்று கேட்டதும் வகுப்பே சிரித்துவிட்டது. எழுவாய் மறைந்த வாக்கியமும் அப்படித்தான்: இரண்டு சிறுவர்கள் வரும் பக்கத்தில் ‘கதவைத் திறந்தான்’ என்றிருந்தால், அங்கே நிறுத்தி, யார் என்று கேட்டுவிடுங்கள்.

கேள்வி: ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் பத்துக் கேள்வி தயாரித்து எழுத வைக்கலாமா?

பதில்: வேண்டாம். குழந்தை கதையை விட்டுவிட்டு விடையைத் தேடத் தொடங்கிவிடும். மறுநாள் புத்தகத்தைத் திறப்பதற்கு முன் ‘நேற்று எங்கே விட்டோம்?’ என்று கேளுங்கள். பிறகு ‘அவள் ஏன் பொய் சொன்னாள்?’ என்பதுபோல ஒரே ஒரு ‘ஏன்’ போதும்.

கேள்வி: முதல் அத்தியாய நூலை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்த உலகத்திலிருந்து தேர்ந்தெடுங்கள். 1988இல் ரெக்ட், லெஸ்லி இருவரும் நடத்திய ஆய்வில், பேஸ்பால் விளையாட்டை நன்கு அறிந்த, வாசிப்பில் பின்தங்கிய மாணவர்கள், விளையாட்டை அறியாத தேர்ந்த வாசகர்களைவிட அந்த ஆட்டத்தைப் பற்றிய பகுதியை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். கிரிக்கெட் பைத்தியத்துக்குக் கிரிக்கெட் கதை! தமிழக அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கத்தின் ‘நுழை, நட, ஓடு, பற’ என்ற படிநிலைச் சிறுநூல்களில் தொடங்கி, அதற்கடுத்து அத்தியாய நூலுக்கு வருவது என் வழக்கம்.

கேள்வி: மகன் ஒரே புத்தகத்தை மூன்றாம் முறை கேட்கிறான். தடுக்கலாமா?

பதில்: தடுக்காதீர்கள். என்ன நடக்கும் என்று தெரிந்துவிட்டதால், ஏன் நடந்தது என்பதைக் கவனிக்க இப்போதுதான் அவனுக்கு நேரம் கிடைத்திருக்கிறது.